ஷூ கம்பெனி அம்மாக்களும் பள்ளிக்கூட வரியும்

ஆம்பூர் நகராட்சியில் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி கட்டுகிறவர், பிள்ளைகளின் படிப்புக்கும் சேர்த்தே கட்டுகிறார். சொத்து வரிக்குள் கல்வி வரியும் ஒரு பங்கு. நகர எல்லையைத் தாண்டித் துத்திப்பட்டுப் பக்கம் போனால் ஊராட்சி ரசீது வேறு மாதிரி இருக்கும். வீட்டு வரி, அதன் மேல் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. பள்ளிக்கூடத்துக்கென்று அதில் ஒரு காசும் கிடையாது. தோல் ஷாப்களும் ஷூ கம்பெனிகளும் வரிசையாக நிற்பதோ இப்படிப்பட்ட ஊராட்சிகளில்தான்.

உள்ளூர்ப் பள்ளிக்கு உள்ளூரிலேயே வரி என்பது நமக்குப் புதிதல்ல. 1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டமே உள்ளாட்சிகளுக்கு அந்த அதிகாரத்தைத் தந்தது. பிறகு ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் வந்தன. 1981-இல் அவற்றின் ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். சம்பளம் உறுதியானது, நல்லது. ஆனால் பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் ஒன்றியம் மிஞ்ச, கேள்வி கேட்கும் பழக்கம் ஊரைவிட்டுப் போய்விட்டது.

இந்தப் பகுதியில் அதற்கு வெகு முன்பே படிப்புக்குக் கொடையும் வரத் தொடங்கியிருந்தது. வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியா கல்லூரி எழுந்தது. மேல்விஷாரத்தில் 1965-இல் தொடங்கிய கல்லூரி, தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீமின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோலில் சம்பாதித்ததைப் படிப்பில் போட்ட அந்தத் தலைமுறைக்கு வடஆற்காடு கடன்பட்டிருக்கிறது. இன்று அரசும் அதே வழியில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்று 2022 முதல் கொடையாளர்களை அழைக்கிறது. கொடையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்தவரிடம் போய், வகுப்பறைக்கு வண்ணம் அடித்தீர்களே, கழிப்பறைக்கு ஏன் கதவு போடவில்லை என்று எந்த அம்மாவாலும் கேட்க முடியாது. வரி கட்டியவளால் முடியும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பள்ளி வரியைக் கூட்டலாமா என்று வாக்குச்சீட்டிலேயே மக்களைக் கேட்கிறார்கள். அந்த முறையில் ஏழை ஊரின் பள்ளி ஏழையாகவே கிடந்துவிடும் என்ற எதிர்ப்பும் உண்டு; அதற்குத்தான் மாநில நிதி இருக்கிறது. நமக்கு வாக்குச்சீட்டு வேண்டாம், கிராம சபை போதும். வீட்டு வரியிலும் தொழிற்சாலைக் கட்டட வரியிலும் ஒரு பங்கைப் பள்ளிக்கென்று ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடுவது என்று சபையில் முடிவு செய்தால் என்ன?

யார் வந்து முடிவு செய்வது என்பதுதான் என் கவலை.

ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம், மாதனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் இவர்களை அள்ளிக்கொண்டு வருகிறது. பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டு, சாப்பாட்டைக் கட்டி வைத்துவிட்டு, பள்ளி மணி அடிக்கும் முன்பே பஸ் ஏறியாக வேண்டும். திரும்பும்போது பள்ளி பூட்டியிருக்கும். பல அம்மாக்கள் பிள்ளையின் பள்ளி திறந்திருப்பதைப் பார்ப்பதே அபூர்வம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில். அந்த நேரத்தில் அவள் லைனில் இருப்பாள். லீவு போட்டால் அன்றைய கூலி போகும், சூப்பர்வைசரின் முகம் மாறும். ஆக, அவள் பிள்ளையின் பள்ளியைப் பற்றி, பகலில் ஊரில் இருக்க முடிந்தவர்கள் முடிவெடுக்கிறார்கள். பாவம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் தொழிற்சாலைகளுக்குச் சட்டப்படி விடுமுறை. பஸ் வராது, மெஷின் ஓடாது. மே தினச் சபையைப் பள்ளிக் கணக்குக்கு ஒதுக்கலாம். வந்த பணம், போன பணம், ஆகாத வேலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒரு வாரம் முன்பே பள்ளிச் சுவரிலும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலும் ஒட்ட வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்வரை ஒரு மாதம் கையில் இருக்கும். கழிப்பறைக்குக் கதவு போடவும் தண்ணீர்க் குழாயை மாற்றவும் அது தாராளமாகப் போதும்.