ஏழு வாரம், ஒரு வாண்டு

ப்ளே ஸ்கூலுக்குப் பூட்டு, வேலைக்கு வரும் பெண் ஊரில், வெளியே 44 டிகிரி வெயில். தில்லிக் குடும்பங்களின் கோடை விடுமுறையில் உண்மையில் யாருக்கு லீவு?

காலை மணி ஏழு. தில்லியில் ஒரு மூன்றாம் மாடி ஃப்ளாட். இரண்டு வயதுப் பையன் வாசல் கதவருகே செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். ப்ளே ஸ்கூல் வேன் வரும் நேரம் என்பது அவன் கணக்கு. வேன் வராது, இன்றைக்கு மட்டுமல்ல, இன்னும் ஏழு வாரத்துக்கு வராது என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது? விடுமுறை என்ற சொல்லுக்கு இரண்டு வயதில் அர்த்தம் கிடையாது. நேற்று இருந்தது இன்று இல்லை, அவ்வளவுதான்.

பத்து மணிக்கு, எட்டு வயது அக்கா பள்ளி கொடுத்தனுப்பிய 'ஹாலிடே ஹோம்வொர்க்' சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து சூரியக் குடும்பம் வரைகிறாள். சனிக்கு அவள் வளையம் போடுவதற்குள் தம்பி தன் பங்குக்கு பூமிக்கும் நாலு வளையம் போட்டுவிடுகிறான். அக்காவின் அலறல் பக்கத்து அறையில் லேப்டாப் முன் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் அலுவலக மீட்டிங்கில் கேட்கிறது. மைக்கை அணைத்துவிட்டு அவள் ஓடி வருகிறாள். அப்பா ஒன்பதுக்கே ஆபீஸ் கிளம்பியாயிற்று. பாத்திரம் தேய்த்து, பையனையும் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் பெண் மால்டாவுக்கு ரயிலேறி நான்கு நாளாகிறது.

தில்லி, நொய்டா, குருகிராம் அடுக்ககங்களில் மே இரண்டாவது வாரம் தொடங்கி ஜூன் கடைசி வரை கதவைத் தட்டினால் இந்தக் காட்சி சிறு மாற்றங்களுடன் திரும்பத் திரும்பக் கிடைக்கும். மற்ற மாதங்களில் நகரத்துச் சின்னக் குழந்தையின் நாள் நான்கு கால்களில் நிற்கிறது: மூன்று மணி நேர ப்ளே ஸ்கூல், வேலைக்கு வரும் பெண், அவ்வப்போது வந்து தங்கும் தாத்தா பாட்டி, சாயங்காலப் பூங்கா. மே மாதத்தில் இவற்றில் மூன்றாவது ஒரே சமயத்தில் நழுவிவிடும். பள்ளி மூடுகிறது, பெண் ஊருக்குப் போகிறாள், 'லூ' காற்று பூங்காவைப் பறித்துக்கொள்கிறது. தாத்தா பாட்டியும் வர முடியாத வீடுகளில் முழு பாரமும் ஒருவர் தலையில் இறங்குகிறது.

அந்த ஒருவர் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு இதற்குச் செலவிடுவது சுமார் 140 நிமிடம். ஆண் 74 நிமிடம். ஆண்டு முழுவதற்குமான சராசரி இது. ப்ளே ஸ்கூல் மூடிய மே மாதத்து நடுப்பகலில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிப்பது கடினமல்ல.

சட்டமும் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரைதான் முழு மனதோடு துணைக்கு வருகிறது. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு சலுகைச் சட்டம் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதி உண்டு என்றும் சொன்னது. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கோ, டியூஷன் சென்டருக்கோ, நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கோ இந்த விதி எட்டாது.

மத்திய அரசு ஊழியர்கள் பாடு தேவலை. 2008 முதல் பெண் ஊழியர்கள் தம் பணிக்காலத்தில் மொத்தம் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். ஆண்களுக்கு? 2018 டிசம்பரில் கதவு திறந்தது, ஆனால் மனைவியின் துணையின்றித் தனியாகக் குழந்தை வளர்க்கும் தந்தைக்கு மட்டும். மனைவி இருக்கிறவருக்குக் குழந்தை பிறக்கும்போது கிடைப்பது 15 நாள். குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் வேலை என்பதை விடுப்பு விதியே சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

அடுக்ககத்தின் மதில் சுவருக்கு அப்பால் கணக்கு இன்னும் கடுமை. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடிக்கு வந்து உட்கார்ந்து விளையாடிச் சாப்பிடுவது பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் சத்துணவுப் பொட்டலம் வீட்டுக்கு வரும், குழந்தையும் வீட்டிலேயே இருக்கும். கட்டடத் தொழிலாளர் குழந்தைகளுக்காக 1969-ல் தில்லியில் தொடங்கிய 'மொபைல் க்ரெஷஸ்' போன்ற அமைப்புகள் வழி காட்டின. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்கும் 'பால்னா' திட்டம் 2022-ல் வந்தது. ஆனாலும் ஊருக்குப் போக வசதியில்லாமல் கோடையிலும் வேலைக்குப் போகும் தாய்க்குக் கைகொடுப்பது பல சமயம் வீட்டின் மூத்த பெண்தான். எட்டோ ஒன்பதோ வயது. அவளுடைய கோடை விடுமுறைதான் தம்பிக்குக் காப்பகம்.

இதில் பணயம் வைக்கப்படுவது பொறுமை மட்டுமல்ல. தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைப்பது பல வீடுகளில் வழக்கம்; ஆகவே குளியலறையில் எப்போதும் நிறைந்த வாளி. எட்டிப் பார்க்கும் இரண்டு வயதுக் குழந்தைக்குத் தலைதான் கனம். குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. உலக அளவில் நீரில் மூழ்கும் ஆபத்து மிக அதிகமாக உள்ள வயது 1 முதல் 4 வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாளியைக் கவிழ்த்து வைப்பதும், முடியாவிட்டால் குளியலறைக்கு வெளித் தாழ்ப்பாள் போடுவதும் ஒரு நிமிட வேலை. அடுத்தது ஏர்கூலர்: தகர உடம்பு, உள்ளே தண்ணீர், மின்சாரம். எர்த் சரியில்லாத கூலரை ஈரக் கையால் தொட்டால் பெரியவர்களுக்கே உயிராபத்து. பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த பினாயில், வறுத்த வேர்க்கடலை, ரிமோட்டிலிருந்து கழன்று விழும் பொத்தான் பேட்டரி என்று பட்டியல் நீளும். எல்லாம் பெரியவர்கள் கண்ணயரும் பிற்பகல் இரண்டு மணிக்கு வீட்டில் சும்மாக் கிடப்பவை.

களைத்த வீட்டின் கடைசி ஆயுதம் செல்போன். இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. தூர ஊர்ப் பாட்டியோடு வீடியோவில் எப்போதாவது பேசுவதற்கு விலக்கு உண்டு. இந்த வயதில் நாளைக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும், பகல் தூக்கம் உட்பட 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 700 சதுர அடி வீட்டில், ஜன்னல் சாத்திய பகலில், மூன்று மணி நேர ஓட்டத்துக்கு எங்கே போவது?

வழி கடிகாரத்தில் இருக்கிறது. ஆறு மணிக்கே பூங்கா. வெயில் ஏறுமுன் வீடு. பதினோரு மணிக்கு ஒரு டப்பில் நாலு விரற்கடைத் தண்ணீரும் இரண்டு எவர்சில்வர் டம்ளரும், கூடவே பக்கத்தை விட்டு நகராத ஒரு பெரியவரும். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுத்தால் அரை மணி நேரம் ஓடும். சாப்பாடும் தூக்கமும் ப்ளே ஸ்கூல் நாட்களில் இருந்த அதே நேரத்தில். விடுமுறை தெரியாத குழந்தைக்கு ஒழுங்கு மாறாத நாள்தான் நிம்மதி. சாயங்காலம் வீடு திரும்பும் அப்பா குளிப்பாட்டுவதையும் இரவுச் சாப்பாட்டையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டால் அம்மாவுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். ஏழு வாரத்துக்கு அது 49 மணி நேரம், சின்னக் கணக்கல்ல.

வசதி இருப்பவர்கள் ரயிலேறுகிறார்கள். முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கிறது. அன்று காலை விழித்திருப்பவருக்கே மே மாதப் பெர்த். ஐந்து வயதுக்குக் கீழே தனிப் பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம் என்பதால் வாண்டு அம்மாவின் பெர்த்திலேயே உருண்டு ஊர் சேர்கிறான். அங்கே வாசல், கோழி, மாமன் மகள்கள், ஓயாமல் பேசும் பாட்டி. தில்லி ப்ளே ஸ்கூலில் 'பானி' கேட்டுப் பழகியவன் பாட்டி வீட்டில் 'தண்ணி' கேட்கிறான். மலையாளிக் குழந்தை 'வெள்ளம்' கேட்கிறது. ஆயிரம் ரூபாய் மொழி வகுப்பு தராததைக் கிணற்றடி தந்துவிடுகிறது. ஆனால் அறுபத்தைந்து வயதில் பேரன் பின்னால் நாள் முழுக்க ஓடும் பாட்டியின் முழங்காலுக்கும் ஒரு பகல் தூக்கம் வேண்டும் என்பதை ஊருக்கு வந்த மகனும் மகளும் மறந்துபோவதுண்டு.

ஜூலை முதல் தேதி. வேன் வாசலில் ஹாரன் அடிக்கிறது. மால்டாவிலிருந்து பெண் திரும்பிவிட்டாள். அக்கா சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். அதில் பூமிக்கு இன்னமும் நாலு வளையம். பையனை மட்டும் காணோம். ஏழு வாரமாக வீடுதான் உலகம் என்று பழகிவிட்டவன் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், செருப்பை மடிக்கடியில் ஒளித்துக்கொண்டு.