கதிர்வீச்சும் காத்திருத்தலும்

சதுரங்கப்பட்டினத்தில் 'கதிர்வீச்சு' என்றதும் மக்களின் கண்கள் கல்பாக்கத்தின் பக்கம் திரும்புவது இயல்பு. ஒல்லாந்தர் கோட்டைக்கு அண்மையிலேயே 1983ஆம் ஆண்டில் அணுவுலை இயங்கத் தொடங்கிய பகுதி அல்லவா! இவ்வூர் முதியவர் ஒருவரிடம் மருத்துவர், "புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் உள்ளது, கதிர்வீச்சுச் சிகிச்சை பெறலாம், அன்றிக் கண்காணித்தும் வரலாம்" என்று கூறுவாராயின், வீட்டார் இரண்டிற்குமே அஞ்சுவர். முன்னதில் அச்சம் கதிரைப் பற்றியது. பின்னதில், 'புற்றுநோயை வைத்துக்கொண்டு வாளாவிருப்பதா?' என்பது.

சிறுநீர்ப்பையின் கீழே அமைந்துள்ள இச்சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் பலருக்கு மிக மெதுவாகவே வளர்கிறது. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு 10க்குக் குறைவாகவும், திசு ஆய்வில் கிளீசன் மதிப்பெண் 6 ஆகவும், நோய் சுரப்பிக்குள் அடங்கியும் இருந்தால் அது பொதுவாகக் குறைந்த இடருடையது எனப்படும். கண்காணிப்பு பெரும்பாலும் இத்தகையோருக்கே உரியது. நோய் வீரியமுடையதாயின் இக்கேள்விக்கு இடமில்லை.

கண்காணிப்பு என்பது வாளாவிருத்தல் அன்று. சில திங்களுக்கொருமுறை இரத்தப் பரிசோதனை, தேவைப்படும்போது எம்.ஆர்.ஐ. படம், மீண்டும் திசு ஆய்வு என அது ஆண்டுக்கணக்கில் தொடரும். நோயின் போக்கு மாறினால் உடனே சிகிச்சை தொடங்கப்பெறும்.

பிரிட்டனில் 'புரொடெக்ட்' என்னும் பேராய்வு, நோய் சுரப்பிக்குள் அடங்கிய 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூவகையாகப் பிரித்தது. 2023இல் வெளிவந்த பதினைந்தாண்டு முடிவின்படி இந்நோயால் இறந்தோர் கண்காணிப்பில் 3.1 விழுக்காடு, கதிர்வீச்சில் 2.9 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். ஆயினும் நோய் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவியது முன்னவருள் 9.4, பின்னவருள் 5 விழுக்காடு. கண்காணிப்பில் இருந்தோருள் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் பின்னர்ச் சிகிச்சைக்குச் சென்றனர் என்பதும் மறைக்கத்தக்கதன்று.

இனிக் கதிர்வீச்சு. வெளியிலிருந்து கருவி வழியே செலுத்தப்படும் கதிர் உடலில் தங்குவதில்லை. சிகிச்சை பெற்றவர் பேரக்குழந்தையைத் தடையின்றித் தூக்கிக் கொஞ்சலாம். நெல்சன் மண்டேலா 2001இல் தம் 83ஆம் அகவையில் ஏழு வாரம் இச்சிகிச்சை பெற்று, 2013 வரை வாழ்ந்தார். சிறுநீர் அடிக்கடி கழிதல், மலத்துடன் குருதி வருதல், ஆண்மைக்குறைவு முதலிய பின்விளைவுகள் சிலருக்கு உண்டு. இவற்றைத் தள்ளிப்போடுவதே, சிலருக்கு அறவே தவிர்ப்பதே, கண்காணிப்பின் பயன்.

நம் பகுதியினர்க்கு ஊதியமும் தொலைவும் கூடக் கணக்கில் வரும். 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கும், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கும் இங்கிருந்து நெடுந்தொலைவு. வாரத்தில் ஐந்து நாளாக நான்கு வாரமோ அதற்கு மேலோ சென்று வருவது மீன்பிடித் தொழிலாளிக்கு எளிதன்று. ஆனால் அது ஒருநாள் முடிந்துவிடும். கண்காணிப்போ முடிவதில்லை, இடையில் நிறுத்தியவருக்கு அது கண்காணிப்பே அன்று.

ஒன்று கூறவேண்டும். நம் இல்லங்களில் நோயின் பெயரை முதியவரிடம் மறைத்துவிட்டு, மருத்துவர் அறைக்கு வெளியே மக்கள் கூடி முடிவெடுப்பது வழக்கம். அன்பினால் செய்வதுதான், எனினும் கண்காணிப்பைத் தேர்ந்த குடும்பத்தில் இது பெருந்தீங்காகிவிடும். தமக்கு என்ன நோய் என்றே அறியாத ஒருவர், உடம்பில் யாதொரு வலியும் இல்லாதபோது, இரத்தம் கொடுக்க ஆண்டுக்கு மூன்று நான்கு முறை எதற்காகப் பேருந்து ஏறுவார்?