பிஞ்சுப் பாதங்களும் காலணிச் சந்தையும்

குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கியதுமே காலணி வாங்கிவிடுவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பாதம் தட்டையாகத் தெரிந்தால் பெற்றோருக்குக் கவலை. கவலை உள்ள இடத்தில் சந்தையும் நுழைந்துவிடுகிறது. பாத வளைவைத் தாங்கும் என்று சொல்லி விற்கப்படும் காலணிக்குக் கூடுதல் விலை கொடுக்கவும் யாரும் தயங்குவதில்லை. இந்தச் செலவு தேவைதானா?

பிறந்த குழந்தையின் பாதத்தில் பெரும்பகுதி குருத்தெலும்பு. உள்வளைவின் உச்சியில் அமையும் படகெலும்பு, மூன்று வயதையொட்டியே எலும்பாக இறுகத் தொடங்குகிறது. வளைவு இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு நிறைந்திருப்பதாலும், மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்திருப்பதாலும் பாதம் தட்டையாகத் தோன்றுகிறது. இது நோயன்று. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு வயதையொட்டி வளைவு புலப்பட்டுவிடும். சிலருக்குப் பத்து வயதும் ஆகலாம்.

நடையும் படிப்படியாகவே கைவருகிறது. உலக சுகாதார அமைப்பு இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வின்படி, 8 முதல் 18 மாதங்களுக்குள் எப்போது தனித்து நடந்தாலும் அது இயல்பே. தொடக்கத்தில் கால்களை அகற்றி, முழுப் பாதத்தையும் ஒருசேரப் பதிக்கும் குழந்தை, இரண்டு வயதையொட்டிக் குதிகாலை முதலில் ஊன்றப் பழகுகிறது. நடை பழகும் குழந்தை மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்துவைப்பதாகவும் 17 முறை விழுவதாகவும் அமெரிக்க ஆய்வொன்று 2012-இல் கணக்கிட்டது. விழுந்து எழும் இந்த உழைப்பில்தான் பாதத்தின் தசைகள் வலுப்பெறுகின்றன.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச்சுவடுகளை ஆராய்ந்த ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகிய மருத்துவர்கள் 1992-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்தோரில் 8.6 சதவீதத்தினருக்கும், அணியாதோரில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. விரல்களை மூடும் காலணி அணிந்தோரிடம் அது மிகுதி. செருப்பு அணிந்தோரிடம் குறைவு.

கொல்லிமலையின் பைல் நாட்டில், மேட்டிலும் சரிவிலும் வெறுங்காலோடு ஓடும் குழந்தைகளைக் கண்டிருக்கிறேன். அந்த நிலமே அவர்களின் பாதங்களுக்குப் பயிற்சிக்களம். ஆனால், அதைப் போற்றுவதோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் கொக்கிப்புழு, வெறுங்காலின் தோல் வழியே உடலுக்குள் நுழைந்து, குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சுகிறது. அதனால் வரும் ரத்தசோகை, இன்று குழந்தையின் கற்றலையும் நாளை அதன் உழைப்புத் திறனையும் குறைக்கிறது. பொருளியல் படித்தவன் என்ற முறையில் என்னை உறுத்துவது இதுதான்: நகரத்தில் தேவைக்கு மிஞ்சிய காலணி, மலையில் தேவைக்கும் எட்டாத பாதுகாப்பு.

மலைப்பகுதி மாணவர்களுக்குத் தமிழக அரசு விலையின்றி உறைகாலணி வழங்குவது வரவேற்கத்தக்கது. எனினும், வளரும் பாதத்தின் அளவு சில மாதங்களிலேயே மாறிவிடும். வழங்குவதற்குச் சற்று முன்னர் ஒவ்வொரு குழந்தைக்கும் அளவெடுப்பது அவசியம். பெருவிரலுக்கு முன்னே ஒரு விரற்கடை இடமும் வேண்டும். தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை, தூய்மையான அங்கன்வாடி முற்றம், தவறாத குடற்புழு நீக்க மாத்திரை ஆகியவை இல்லாமல் காலணி மட்டும் கொக்கிப்புழுவைத் தடுத்துவிடாது.

பெற்றோர் செய்ய வேண்டியது எளிது. வீட்டுக்குள் குழந்தையை வெறுங்காலோடு நடக்க விடுங்கள். வெளியே செல்கையில், எளிதில் வளையும் மென்மையான காலணி போதும். உட்காரவைத்து உருட்டும் வாக்கரைத் தவிர்த்துவிடுங்கள். விபத்துகள் காரணமாகக் கனடா 2004-இலேயே அதற்குத் தடை விதித்தது. குழந்தை தன் காலில் நின்று தள்ளும் நம் மர நடைவண்டி வேறு. பெரியவர் கண்காணிப்பில் அதைத் தரலாம். பதினெட்டு மாதமாகியும் நடக்காமை, பாதத்தில் வலி, இறுகிய தட்டைப் பாதம், ஒரு காலை மட்டும் இழுத்து நடத்தல் ஆகியவை தென்பட்டால் மருத்துவரைத் தாமதமின்றி அணுக வேண்டும்.

காலணி பாதத்தைக் காக்கும், பாதத்தை உருவாக்காது. இந்த வேறுபாடு தெளிந்தால், பெற்றோரின் பணமும் அரசின் பணமும் உரிய இடத்தில் செலவாகும்.