ஓர் அப்டேட், எட்டு ஆண்டு வழக்கு

2010 ஏப்ரல் 1 அன்று சோனி நிறுவனம் தனது ப்ளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்கு 3.21 என்ற எண்ணுள்ள சிஸ்டம் சாஃப்ட்வேர் அப்டேட்டை வெளியிட்டது. அப்டேட் என்றால் புதிதாக ஏதாவது கிடைக்கும்; குறைந்தபட்சம் பழைய கோளாறு ஒன்றாவது சரியாகும். இதில் அப்படிச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கருவியில் ஏற்கெனவே இருந்த ஒரு வசதியை நீக்குவதே இதன் வேலை. 'அதர் ஓஎஸ்' என்ற அந்த வசதியைக் கொண்டு பயனர்கள் ப்ளேஸ்டேஷனுக்குள் லினக்ஸ் போன்ற வேறோர் இயங்குதளத்தை நிறுவி, அதை ஒரு முழுக் கணினியாகவே பயன்படுத்த முடிந்தது. மார்ச் 28 அன்று வந்த அறிவிப்பு பாதுகாப்பைக் காரணமாகச் சொன்னது. பெரும்பாலான பயனர்களுக்கு இதனால் எந்த மாற்றமும் தெரியாது என்றும் சேர்த்துச் சொன்னது. அந்தக் கணக்கு சரிதான். ஆனால் மீதமிருந்த சிறுபான்மையினர் யார் என்பதை நிறுவனம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

விளையாட்டுக் கருவியில் டிஸ்க்கைப் போட்டதும் விளையாட்டு ஓடுகிறது என்றாலும், அதற்கு அடியில் எப்போதும் ஒரு மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும். திரையில் தெரியும் மெனு, இணைய இணைப்பு, எந்த டிஸ்க்கை அனுமதிப்பது எதைத் தடுப்பது என்ற முடிவு எல்லாம் அதன் பொறுப்பு. 1990-களின் கருவிகளில் இது தொழிற்சாலையிலேயே சிப்பில் பதிக்கப்பட்டுவிடும். விற்ற பிறகு யாரும் தொட முடியாது. இணையத்தோடு இணையும் கருவிகள் வந்த பிறகு நிலைமை மாறியது. வாங்கியவரின் வரவேற்பறையில் இருக்கும் பொருளை, விற்றவர் தொலைவிலிருந்தே திருத்த வழி பிறந்தது. ப்ளேஸ்டேஷன் 3 பயனர்களுக்கு இதனால் நன்மைகளும் நிறைய வந்தன. 2008 ஜூலையில் வந்த 2.40 பதிப்பு, விளையாட்டின் நடுவிலேயே மெனுவைத் திறக்கும் வசதியையும் 'டிராஃபி' எனப்படும் விருதுகளையும் தந்தது. வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்த பயனர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் ஒரு நாள்கூட முழுதாக நீடிக்கவில்லை. சில கருவிகள் அப்டேட்டுக்குப் பிறகு இயங்காமல் போனதால் சோனி அதைத் திரும்பப் பெற்று, சில நாளில் 2.41 என்று திருத்தி வெளியிட்டது. அப்டேட் மீது ஆவலும் அச்சமும் சேர்ந்தே இருந்ததற்கு இப்படிப்பட்ட அனுபவங்கள் காரணம்.

அதர் ஓஎஸ் பின்னாளில் சேர்க்கப்பட்ட வசதி அல்ல. 2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கருவி விற்பனைக்கு வந்தபோதே அதில் இருந்தது. ப்ளேஸ்டேஷனின் தந்தை எனப்படும் கென் குடராகி, தான் உருவாக்கியது வெறும் விளையாட்டுச் சாதனம் அல்ல, ஒரு கணினி என்று தொடர்ந்து பேசி வந்தவர். இதற்கு முன்னோடிகளும் உண்டு. ப்ளேஸ்டேஷன் 2-க்கு லினக்ஸ் தொகுப்பு ஒன்றைச் சோனியே விற்றது. ஐரோப்பாவில் அதே கருவியோடு யாபேசிக் என்ற எளிய நிரல்மொழியும் சேர்த்துத் தரப்பட்டது. கருவியை விளையாட்டுச் சாதனமாக அல்லாமல் கணினியாக வகைப்படுத்தினால் இறக்குமதி வரி குறையும் என்பது அதன் பின்னிருந்த கணக்கு. ஒரு பொருள் கணினியா விளையாட்டுச் சாமானா என்பதைத் தத்துவ விசாரணையைவிடச் சுங்க இலாகாதான் அடிக்கடி தீர்மானிக்கிறது.

ப்ளேஸ்டேஷன் 3-இன் உள்ளே இருந்த 'செல்' என்ற சிப்பைச் சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் சேர்ந்து வடிவமைத்தன. ஒரு முதன்மைக் கருவும் எட்டுத் துணைக் கருக்களும் கொண்டது அது. உற்பத்தியில் சிப்புகள் வீணாகாமலிருக்கத் துணைக் கருக்களில் ஒன்று முடக்கப்பட்டது. இன்னொன்றைக் கருவியின் சொந்த மென்பொருள் வைத்துக்கொண்டது. மீதி ஆறும் பயனரின் வேலைக்கு. ஒரே வகைக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும் அறிவியல் வேலைகளுக்கு இந்த அமைப்பு மிகவும் ஏற்றது. இதன் உறவுச் சிப் ஒன்றைப் பயன்படுத்தித்தான் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ரோட்ரன்னர் கணினி 2008-இல் ஒரு பெட்டாஃப்ளாப் வேகத்தைத் தாண்டியது. அந்தக் குடும்பத்துச் சிப், தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்குக் கடையில் கிடைத்தது. கருவியை நட்டத்துக்கு விற்று விளையாட்டு டிஸ்க்குகளில் லாபம் எடுப்பது இந்தத் தொழிலின் வழக்கம். டிஸ்க்கே வாங்காமல் கணக்குப் போடுவதற்காக மட்டும் கருவியை வாங்குபவர், நிறுவனத்தின் பார்வையில் நல்ல வாடிக்கையாளர் அல்ல.

அப்படிப்பட்டவர்கள் வந்தார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மத் வளாகத்தில் இயற்பியலாளர் கௌரவ் கன்னா, 2007-இல் எட்டு ப்ளேஸ்டேஷன்களை ஒன்றாக இணைத்துக் கருந்துளைகள் பற்றிய கணக்குகளைச் செய்தார். அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் 1,700-க்கும் மேற்பட்ட கருவிகளைக் கோத்து 'காண்டார்' என்ற கணினித் தொகுப்பை அமைத்து 2010 டிசம்பரில் அறிமுகம் செய்தது. செலவு ஏறத்தாழ 20 லட்சம் டாலர். இவர்களுக்கு அப்பால், வீட்டில் லினக்ஸை நிறுவி நிரல் எழுதிப் பழகிய மாணவர்களும் பொழுதுபோக்காளர்களும் இருந்தார்கள்.

இவர்கள் அனைவரும் நுழைந்த வாசலில் ஒரு காவல் இருந்தது. ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அடுக்கு, லினக்ஸுக்கும் வன்பொருளுக்கும் நடுவே நின்றது. மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டாலும் பீரோ உள்ள அறையின் சாவியை இடுப்பிலேயே செருகிக்கொள்ளும் வீட்டுக்காரரைப் போன்றது அது. லினக்ஸ் செல் சிப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் வரைகலைச் சிப்பின் முழுத் திறனையோ, விளையாட்டுகளைப் பாதுகாக்கும் ரகசியச் சாவிகளையோ தொட முடியாது. வரைகலைச் சிப் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் சோனிக்கு உரிமத் தொகை கட்டாமல் விளையாட்டு தயாரிக்கலாம் என்பது அந்தப் பூட்டுக்கு ஒரு காரணம்.

2009 செப்டம்பரில் வந்த மெல்லிய 'ஸ்லிம்' மாதிரியில் அதர் ஓஎஸ் இல்லை. முணுமுணுப்பு எழுந்தது, அடங்கியது. புதிய மாதிரியில் ஒன்றைக் குறைப்பது விற்பவரின் உரிமை. வேண்டாதவர் வாங்காமல் இருக்கலாம். பழைய மாதிரிகளில் வசதி தொடரும் என்று சோனி தரப்பிலிருந்து லினக்ஸ் பயனர்களுக்கு உறுதியும் சொல்லப்பட்டது. பின்னால் வந்த கோபத்தின் சூட்டுக்கு இந்த உறுதிமொழி முக்கியமான காரணம்.

2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் ஹைப்பர்வைசரைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார். 2007-இல் ஐபோனின் பூட்டை உடைத்துப் பெயர் பெற்றவர் அவர். லினக்ஸில் ஒரு நிரலை ஓடவிட்டு, சரியான கணத்தில் நினைவகத்துக்குச் செல்லும் மின்கம்பியில் ஒரு சிறு துடிப்பைச் செலுத்திக் கருவியைக் குழப்புவது அவர் கையாண்ட முறை. திருட்டு விளையாட்டுகளை ஓட்ட அது போதாது. கருவியைத் திறந்து சாலிடர் செய்யத் தெரியாதவருக்கு அதனால் பயனும் இல்லை. ஆயினும் மூன்றாண்டுக்கு மேல் யாரும் நுழையாத கோட்டையில் முதல் விரிசல் விழுந்திருந்தது. அதுவும் அதர் ஓஎஸ் வழியாக. சோனியின் அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு மாதம் கழித்து 3.21 வந்தது.

இந்த அப்டேட்டைக் கட்டாயம் என்று சோனி சொல்லவில்லை. போடாதவர்கள் இழப்பவை எவை என்று மட்டும் பட்டியலிட்டது. ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைய முடியாது. இணையத்தில் மற்றவர்களோடு விளையாட முடியாது. புதிய பதிப்பைக் கேட்கும் விளையாட்டுகளும் ப்ளூ-ரே படங்களும் ஓடாது. ஆக, முந்தைய 3.15 பதிப்பிலேயே நின்றால் லினக்ஸ் இருக்கும், விளையாட்டு உலகம் மெல்ல மெல்லக் கதவடைக்கும். மேலே போனால் விளையாட்டு இருக்கும், லினக்ஸ் போய்விடும். திரும்பி வரவும் வழியில்லை. இரண்டுக்கும் சேர்த்து 499 அல்லது 599 டாலர் கொடுத்து வாங்கியவரிடம் இதைத் தேர்வு என்று சொன்னது எரிச்சலைக் கூட்டியது. சிலர் லினக்ஸுக்கு ஒன்றும் விளையாட்டுக்கு ஒன்றுமாக இரண்டாவது கருவி வாங்கினார்கள். வன்தட்டில் இருந்ததைப் படியெடுத்து வைத்துவிட்டு மனமில்லாமல் அப்டேட் செய்தவர்களும் உண்டு.

எதிர்வினை ஒரே குரலில் எழவில்லை. பெரும்பான்மை விளையாட்டுக்காரர்கள் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்தார்கள். நாங்கள் பயன்படுத்தாத ஒன்றுக்கு இத்தனை ஆரவாரம் எதற்கு, திருட்டு விளையாட்டைத் தடுத்தால் நல்லதுதானே என்றது ஒரு தரப்பு. ஏமாற்று வித்தை செய்பவர்கள் இணைய ஆட்டங்களைக் கெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. லினக்ஸைத் தொட்டே பார்க்காத வேறு பலர் கொள்கைக்காகக் கோபப்பட்டார்கள். விளம்பரம் செய்து விற்ற வசதியை இன்று பிடுங்கலாம் என்றால், நாளை எதைப் பிடுங்குவார்கள் என்பது அவர்களுடைய கேள்வி. நேரமும் சோனிக்குச் சாதகமாக இல்லை. அந்த மார்ச் 1 அன்றுதான் பழைய மாதிரிகளின் கடிகாரம் 2010-ஐ லீப் ஆண்டு என்று தவறாகக் கணக்கிட்டு, ஒரு நாள் முழுக்க விளையாட்டுகளைத் திறக்கவிடாமல் முடக்கியிருந்தது. அதே பழைய மாதிரிக்காரர்களுக்குத்தான் இப்போது இரண்டாவது அடி.

ஆய்வகங்கள் அலட்டிக்கொள்ளவில்லை. அவர்களுடைய கருவிகள் ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க் பக்கமே போவதில்லை. அப்டேட் செய்யத் தேவையும் இல்லை. கவலை வேறு இடத்தில் இருந்தது. ஒரு கருவி பழுதானால் மாற்று வேண்டும். கடையில் கிடைப்பது ஸ்லிம். பழுது பார்க்க அனுப்பினால் புதிய மென்பொருளோடு திரும்பி வரும். இருக்கும் தொகுப்பு நாளுக்கு நாள் சுருங்குவதைத் தவிர வேறு வழி இராது. பிரிட்டனில் ஒரு வாடிக்கையாளர் சட்டத்தின் துணையை நாடினார். விற்ற பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய நுகர்வோர் விதியைச் சுட்டிக்காட்டி, தான் வாங்கிய அமேசானிடமிருந்து விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றார். அமெரிக்காவிலோ ஏப்ரல் முடிவதற்குள் பயனர்கள் சார்பில் கூட்டு வழக்கு கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

மிகக் கூர்மையான எதிர்வினை, சத்தம் போடாத இடத்திலிருந்து வந்தது. 2010 டிசம்பர் இறுதியில் பெர்லினில் நடந்த, கேயாஸ் கம்ப்யூட்டர் க்ளப் என்ற ஹேக்கர் அமைப்பின் ஆண்டு மாநாட்டில் 'ஃபெயில்ஓவர்ஃப்ளோ' என்ற குழு மேடையேறியது. மற்ற கருவிகளின் பூட்டுகள் சீக்கிரம் உடைந்தபோது ப்ளேஸ்டேஷன் 3 மட்டும் நீண்ட காலம் தப்பியது ஏன் என்று அவர்கள் விளக்கினார்கள். திறமை உள்ளவர்களுக்கு வேண்டியது லினக்ஸ். அது ஏற்கெனவே கிடைத்ததால் பூட்டை உடைக்கும் அவசியம் யாருக்கும் எழவில்லை. அது பறிக்கப்பட்டதும் வேலை தொடங்கியது என்பது அவர்களின் வாதம். தாங்களே தங்களுக்குத் தந்துகொண்ட நற்சான்று என்று இதைத் தள்ளலாம். ஆனால் அவர்கள் காட்டிய ஓட்டையைத் தள்ள முடியவில்லை. மென்பொருள் தன்னுடையதுதான் என்று காட்டச் சோனி அதில் டிஜிட்டல் கையொப்பம் இடும். அந்தக் கணித முறையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக ஒரு தற்போக்கு எண்ணை எடுக்க வேண்டும். சோனி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தது. இரண்டு கையொப்பங்களை எதிரெதிரே வைத்தால், பள்ளிக்கூட இயற்கணிதம் தெரிந்தவரே ரகசியச் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். அதர் ஓஎஸ்ஸை மூடியது இந்த ஓட்டையை அடைக்கவே இல்லை. ஓட்டை வேறு சுவரில் இருந்தது.

சில நாளில் ஹாட்ஸ் கருவியின் மூலச் சாவியையே வெளியிட்டார். 2011 ஜனவரியில் சோனி அவர்மீதும் அந்தக் குழுவினர்மீதும் வழக்குத் தொடுத்தது. ஏப்ரலில் ஹாட்ஸோடு சமரசம் ஆயிற்று. சோனியின் பொருள்களில் இனி கைவைப்பதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். இதற்கிடையே 'அனானிமஸ்' என்ற முகமற்ற கூட்டம், அந்த வழக்கைக் காரணம் காட்டிச் சோனியின் இணையதளங்களை முடக்கும் தாக்குதலில் இறங்கியது. அதே ஏப்ரல் 20 அன்று ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க் முழுவதும் அணைக்கப்பட்டது. ஊடுருவியவர்கள் 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்களை எட்டியிருந்தார்கள். சேவை திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. இந்த நிகழ்ச்சிகளை ஒரே சங்கிலியாகக் கோத்து, லினக்ஸைப் பறித்ததற்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லும் வழக்கம் உண்டு. சாவி வெளியான வரை அந்தச் சங்கிலி வலுவானது. சம்பந்தப்பட்டவர்களே அப்படிச் சொன்னார்கள். கணக்குகளைத் திருடியவர்கள் யார், நோக்கம் என்ன என்பது நிரூபிக்கப்படவில்லை. அனானிமஸும் தனக்குப் பங்கில்லை என்றது. அந்தக் கடைசிக் கண்ணியைக் கோப்பது ஊகம்தான்.

கூட்டு வழக்கு ஆமை வேகத்தில் நகர்ந்தது. 2011 டிசம்பரில் நீதிபதி ரிச்சர்ட் சீபோர்க் அதைத் தள்ளுபடி செய்தார். சோனி செய்தது கேள்விக்குரியதாக இருக்கலாம். ஆனால் அப்டேட் செய்யாதவருக்கு லினக்ஸ் இன்னும் இருக்கிறது, நெட்வொர்க் சேவை என்றென்றைக்கும் கிடைக்க வேண்டும் என்ற சட்ட உரிமையும் இல்லை என்பது அவர் பார்வை. 2014 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடியை ஓரளவு மாற்றி, விளம்பரம், நுகர்வோர் பாதுகாப்பு ஆகியவை தொடர்பான குற்றச்சாட்டுகளுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2016-இல் ஒரு சமரசம் எட்டப்பட்டது. லினக்ஸ் நிறுவியதற்குச் சான்று காட்டுபவருக்கு 55 டாலர். வசதி இருப்பதை நம்பி வாங்கியவருக்கு 9 டாலர். இதை ஏற்க நீதிமன்றம் மறுத்தது. 2018-இல் இரண்டாவது சமரசம் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 37.5 லட்சம் டாலர். வழக்கறிஞர் கட்டணமும் அதிலிருந்தே. 2006 நவம்பருக்கும் 2010 ஏப்ரலுக்கும் இடையே அமெரிக்காவில் பழைய 'ஃபேட்' மாதிரியை வாங்கியவர்கள் விண்ணப்பித்து, அதிகபட்சம் 65 டாலர் வரை பெறலாம் என்று ஏற்பாடு. அதற்குள் ப்ளேஸ்டேஷன் 4 வந்து நான்காண்டு கடந்திருந்தது. அந்தக் கருவியில் வேறோர் இயங்குதளத்தை நிறுவும் வசதியைச் சோனி தொடக்கத்திலேயே தரவில்லை.