மூன்று கேள்விகள், ஒரே விடை

ஐக்கிய அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்பது, குறைந்த கட்டணத்தில் ஈராண்டுக் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளிக்கும் பொது நிறுவனம். கலிபோர்ணியா மாநிலத்தில் இதனை நடத்துவோர், அவ்வப் பகுதி மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் நிருவாக சபையினர்.

அச்சபையின் முன் எப்போதும் மூன்று கேள்விகள் நிற்கும். எத்தனை ஆசிரியர்? எவ்வளவு பணம்? எத்தனை மாணவர்? மூன்றாகத் தோன்றினும் இவை ஒன்றே. மாநிலம் தரும் பணம் பெரும்பாலும் மாணவர் தொகையைப் பொறுத்தது. செலவைச் சுருக்க ஆசிரியரை நீக்கினால் வகுப்புகள் மறையும். வகுப்புகள் மறைந்தால் மாணவர் குறைவர். மாணவர் குறைந்தால் பணமும் குறையும். ஒருவரையும் நீக்காதிருந்தாலோ, சேமிப்புக் கரைந்துவிடும்.

சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி இதற்குச் சான்று. நிதியிலும் நிருவாகத்திலும் குறை கண்ட தரச்சான்றுக் குழு, 2013இல் அதன் அங்கீகாரத்தை நீக்கத் தீர்மானித்தது. சபையின் அதிகாரம் மாநிலம் நியமித்த ஒருவரிடம் சென்றது. ஆயிரக்கணக்கான மாணவர் விலகினர். 2017இல் அங்கீகாரம் உறுதியாயிற்று. நகரவாசிகளுக்கு இலவசக் கல்வியும் அவ்வாண்டே தொடங்கிற்று. ஆயினும் பழைய மாணவர் தொகை மீளவில்லை. 2022இல் சபை மீண்டும் ஆசிரியர் பலரை நீக்க நேர்ந்தது.

பகலெல்லாம் உழைத்து மாலையில் படிக்க வருபவருக்கு, அருகிலுள்ள ஒரு வகுப்பு மூடப்பட்டால் வேறு வழியில்லை. ஆகவே, சபையினர் கையில் எடுக்கும் கணக்கேட்டில் இலக்கங்களோடு அவர் முகமும் தெரிதல் வேண்டும்.