எல்லா நாளும் ஷிப்மென்ட் நாளா?

தையல் லைனில் ஓர் ஊசி உடைந்தால் என்ன நடக்கும் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மெஷின் நிற்கும். உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து, தாளில் ஒட்டிக் காட்டி, பதிவேட்டில் எழுதிய பிறகுதான் புது ஊசி கைக்கு வரும். ஒரு துணுக்கு கிடைக்காவிட்டாலும் அங்கே கிடந்த பீஸ்கள் அத்தனையும் தனியே ஒதுக்கப்படும். ஏதோ ஓர் ஊரில் ஒரு குழந்தை போடப்போகும் சட்டை அது. இந்த நேரத்தில் லைன் சூப்பர்வைசர் யாரிடமும் அபிப்பிராயம் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. நிறுத்து, தேடு. அவ்வளவுதான் பேச்சு.

அதே ஆள் அதே குரலோடு சாம்பிள் செக்‌ஷனுக்குள் போனால் காரியம் கெட்டது. பையர் அனுப்பிய படத்தையும் அளவையும் வைத்துக்கொண்டு, கழுத்துப்பட்டியை இப்படி வைத்தால் சுருங்குமா, இந்தத் துணி பேட்லாக் தையலைத் தாங்குமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் டெய்லர்கள் அங்கே இருக்கிறார்கள். மெர்ச்சண்டைசரோடு மல்லுக்கு நிற்பார்கள். நிற்க விட வேண்டும். அந்த வாக்குவாதத்தில்தான், பல்க் உற்பத்தியில் வரப்போகும் தப்பு ஒற்றைச் சட்டையிலேயே பிடிபடும். அதட்டினால், ‘நீங்க சொன்னபடி தெச்சாச்சு’ என்று நீட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நஷ்டம் பிறகு ஆயிரக்கணக்கான பீஸ்களில் வந்து நிற்கும்.

ஆளுக்குத் தக்கபடி, வேலைக்குத் தக்கபடி நடத்தும் முறையை மாற்ற வேண்டும் என்பதை அமெரிக்காவில் பால் ஹெர்சியும் கென் பிளாஞ்சர்டும் 1969-ல் ஒரு கோட்பாடாக்கினார்கள். மேலாண்மை படித்தவர்களுக்கு அது மனப்பாடம். பவர்டேபிள் என்கிற தையல் பிரிவின் பக்கம் வந்து பார்த்தால் அதற்கு உயிர் வருகிறது. பயிற்சி முடித்து முதல்முறையாக ஓவர்லாக்கில் உட்காரும் ஒடிசாப் பெண்ணுக்கு ஆசை இருக்கிறது, கை இன்னும் ஓடவில்லை. தமிழும் தெரியாது. அவளிடம் கத்தினால் கோபம் மட்டும் போய்ச் சேரும், விஷயம் போய்ச் சேராது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீஸைத் தைத்துக் காட்டுவதற்கு மொழி வேண்டியதில்லை. இரண்டு மெஷின் தள்ளி, இருபது வருஷமாக சிங்கரில் உட்கார்ந்திருக்கும் டெய்லருக்கோ, தலைக்கு மேல் ஒருவர் வந்து நிற்பதே மரியாதைக் குறைவு. அவர் திடீரென்று மந்தமானால் வீட்டில் ஏதோ பிரச்சினை, அல்லது பீஸ் ரேட்டில் மனக்குறை. ‘என்னண்ணா, சோர்வா இருக்கீங்க?’ என்ற ஒரு கேள்வி போதும்.

இதெல்லாம் சூப்பர்வைசர்களுக்குத் தெரியாதா? தெரியும். பெரும்பாலானவர்கள் கைமடித்து, ஹெல்பராக நின்று, டெய்லராகி மேலே வந்தவர்கள்தானே! பிறகு ஏன் காலை எட்டரை மணியிலிருந்தே அந்தத் தொண்டை?

லைனின் முகப்பில் மாட்டியிருக்கும் பலகையைப் பாருங்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று இலக்கு, பக்கத்திலேயே எடுத்த கணக்கு. குறைந்தால் மேனேஜர் சூப்பர்வைசரைப் பிடிப்பார், மேனேஜரை முதலாளி பிடிப்பார், முதலாளிக்குத் தூத்துக்குடியில் கப்பல் ஞாபகம். சரக்கு கப்பலைத் தவறவிட்டு, சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அந்த ஆர்டரின் லாபம் அதோடு போயிற்று. நியாயமான பயம்தான். ஷிப்மென்ட்டுக்கு முந்தின நாள் விரட்டுவதை எந்த டெய்லரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் துணி தாமதம், சாயம் தாமதம், லேபிள் தாமதம் என்று முன்னால் நடந்த அத்தனை தாமதமும் கடைசியில் தையல் லைனின் தலையில்தான் இறங்குகிறது. அதனால் வாரத்தில் ஆறு நாளும் ஷிப்மென்ட் நாளாகிவிட்டது. ஒன்றரை ஷிப்ட் வழக்கமாகிவிட்டது. காய்ச்சல் மாத்திரையைத் தினமும் சோற்றோடு விழுங்குகிற கதை. நிஜமாகவே அவசரம் வரும் நாளில் உயர்த்துவதற்குக் குரல் மிச்சம் இல்லை.

இப்படித் தினமும் பயமுறுத்தி வேலை வாங்குவதுதான் எனக்குப் பெரிய கவலையாகப் படுகிறது. பயத்தில் நடக்கும் வேலை எப்படி இருக்கும் என்பதை உளவியலாளர் குர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் 1939-ல் எழுதி வைத்துவிட்டார்கள். அயோவாவில் பத்து வயதுப் பையன்களைக் குழுக்களாக்கி முகமூடி செய்வது போன்ற வேலைகளைக் கொடுத்தார்கள். அதிகாரம் செய்தவரின் குழு, அவர் அறையில் இருக்கும்வரை மும்முரமாக இருந்தது, அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசி நடத்தியவர் போன பிறகும் அவர் குழுவில் வேலை நடந்தது. சூப்பர்வைசர் டீ குடிக்கப் போகும் அந்தப் பத்து நிமிஷத்தில் எந்த லைன் ஓடுகிறது, எந்த லைன் பேச்சில் இறங்குகிறது என்று கவனித்தால் போதும். எந்த ஆலோசகரும் தேவையில்லை.

நடத்தும் முறையை எல்லோராலும் மாற்றிக்கொள்ள முடியுமா? மனிதர்களின் சுபாவம் லேசில் மாறாது, ஆளுக்கேற்ற இடத்தைத் தேடிக் கொடுப்பதே மேல் என்று உளவியலாளர் ஃபிரெட் ஃபீட்லர் வாதிட்டார். அதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் மூன்று லைன் ஓட்டும் சின்னக் கம்பெனியில் மாற்றிப்போட வேறு ஆள் எங்கே?

ஆள் கிடைக்காததற்கும் காரணம் இருக்கிறது. கை வேகமான டெய்லருக்கு பீஸ் ரேட்டில் சனிக்கிழமை கையில் வரும் பணம், சூப்பர்வைசர் சம்பளத்தைத் தாண்டிவிடும். திட்டு வாங்கவும் திட்டவும் குறைந்த காசுக்கு யார் வருவார்கள்? வருபவர்களுக்கும் பயிற்சி கிடையாது. நேற்று வரை மெஷினில் இருந்தவர் இன்று காலை நாற்பது பேருக்கு மேலாள். முந்தைய சூப்பர்வைசர் எப்படிக் கத்தினாரோ அதுவே அவருக்குப் பாடம்.

பனியன் கம்பெனி முதலாளிகள் இரண்டு காரியம் செய்யலாம். புதிதாக சூப்பர்வைசராக்கும் ஒருவரை, முதல் மாதம் எந்த இலக்கும் கொடுக்காமல், நிதானமான பழைய ஆள் ஒருவரோடு லைனில் நிற்க வையுங்கள். நல்ல டெய்லர் வாங்குவதைவிடக் கொஞ்சமாவது கூடுதலாக அவருக்குச் சம்பளம் கொடுங்கள். விமானத்தில் அனுப்பும் ஒரே ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவைவிட இது குறைவாகத்தான் இருக்கும்.