பல் அடைச்சாச்சு... எத்தனை வருஷம் தாங்கும்?

மயிலாப்பூர் மாட வீதியில் நின்று தட்டையைக் கடிக்கிறீர்கள். 'டக்'! உடைந்தது தட்டையா, போன வருஷம் அடைத்த பல்லா? நாக்கு தானாகவே அந்த இடத்தைத் தடவிப் பார்க்கும். 'அவ்ளோ காசு குடுத்தோமே' என்ற எரிச்சல் அப்புறம் வரும்.

தி.நகர், அடையாறு பக்கம் எந்தப் பல் கிளினிக்குக்குப் போனாலும் இப்போது அதிகம் வைப்பது பல் கலரிலேயே இருக்கும் காம்போசிட் ஃபில்லிங்தான். (அப்பா, அம்மா வாயில் சாம்பல் கலரில் தெரியுமே, அது பாதரசம் கலந்த அமால்கம்.) பிசினில் நுண்ணிய கண்ணாடித் துகள்களைக் குழைத்த பசைதான் காம்போசிட். அந்தப் பிசினுக்கு 1962-ல் அமெரிக்காவின் ரஃபேல் போவன் காப்புரிமை வாங்கினார்.

சரி, எத்தனை வருஷம்? பிரேசிலில் கடைவாய்ப் பற்களில் வைத்த 362 காம்போசிட் ஃபில்லிங்குகளை 22 வருஷம் கழித்துப் பார்த்தார்கள். தோற்றுப்போனவை 110 மட்டுமே. எல்லா வாயிலும் அப்படி நடக்காது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான அலசலில், 10 வருஷக் கணக்குப்படி ஆண்டுக்குச் சராசரியாக 2.4 சதவிகிதம் தோற்கின்றன. சொத்தை குறைவாக வருபவர்களிடம் இது 1.6, அடிக்கடி வருபவர்களிடம் 4.6. அதே மெட்டீரியல்தாங்க, வாய்தான் வேற!

ஃபில்லிங் உடைவதும் உண்டு. ஆனால், ஓரத்தில் மறுபடி சொத்தை பிடிப்பதுதான் பெரிய தலைவலி. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்வீட்டான கோல்டு காபியை உறிஞ்சுபவர்களுக்கு அது சீக்கிரமே வரும்.

நாற்காலியில் படுத்திருக்கும் அந்த அரை மணி நேரமும் முக்கியம். பல்லில் சில விநாடிகள் ஆசிட் ஜெல் தடவி, கழுவி, ஒட்டும் திரவம் பூசுவார்கள். அந்த நேரத்தில் எச்சில் பட்டால் ஒட்டு பலவீனமாகிவிடும். ரப்பர் ஷீட் மாட்டுவது அதற்குத்தான். மூச்சு முட்டுதேன்னு கழட்டச் சொல்லாதீங்க. நீல வெளிச்சத்தில் காம்போசிட் இறுகும்போது லேசாகச் சுருங்கும். அதனால்தான் சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்கடுக்காக வைக்கிறார்கள். ஒரே அடியாக வைக்கும் 'பல்க் ஃபில்' வகையும் இருக்கிறது, அது தனி ரகம்.

இப்போது உங்கள் பர்ஸைத் தொடும் விஷயம். ஃபில்லிங் ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தாலே சொத்தை என்று அர்த்தமில்லை. ஃபில்டர் காபிக் கறையாகவும் இருக்கலாம். பழசைத் தோண்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும் நல்ல பல்லும் கொஞ்சம் போகும், குழி பெரிதாகும். நாலைந்து முறை மாற்றினால் வேர் சிகிச்சையில் போய் நிற்கலாம். "முழுசா மாத்தணும்" என்றால், "எக்ஸ்-ரேல சொத்தை தெரியுதா டாக்டர்? பாலீஷ் போட்டாலோ, உடைஞ்ச இடத்தை மட்டும் ஒட்டினாலோ போதாதா?" என்று தயங்காமல் கேளுங்கள். பல கேஸ்களில் அதுவே போதும்.

பதில் திருப்தியாக இல்லையா? திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால், எதிரிலேயே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலையிலேயே போயிடுங்க, கூட்டம் இருக்கும்.